நாள் தள்ளிப்போகும் முன்பே: பிறவிக் குறைபாடு உண்டாக்கும் பொருள்களை விலக்குவது எப்படி

கர்ப்பம் உறுதியான பிறகு எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான நரம்புக்குழாய், கரு உண்டான 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. இதயம் 22ஆம் நாளை ஒட்டித் துடிக்கத் தொடங்கிவிடும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருந்து, பரிசோதித்து, மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் இந்த இரண்டும் நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் இங்கே சொல்லப்படுபவற்றில் பாதி, கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே செய்யவேண்டியவை. மீதி, தெரியாமல் எதையோ உட்கொண்டுவிட்டவர்களுக்கு.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மருந்தையும் தொடாத, எந்த நோயும் இல்லாத தாய்மார்களுக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு ஏதேனும் இருக்கும். இதுதான் அடிப்படை அளவு. ஒரு பொருள் ஆபத்தானது என்றால், இந்த அளவை அது எவ்வளவு கூட்டுகிறது என்றுதான் பார்க்கவேண்டும்.

நாள் கணக்கு

மருத்துவர் சொல்லும் கர்ப்ப வாரம், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. கரு உண்டாவது அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. ஆகவே ‘ஆறு வாரக் கர்ப்பம்’ என்றால் கருவின் உண்மையான வயது நான்கு வாரம். மருந்துக் கையேடுகளில் சில ஒரு கணக்கையும் சில மற்றொன்றையும் பயன்படுத்துகின்றன. இதைக் கவனிக்காமல் படித்துக் குழம்புகிறவர்கள் ஏராளம். கீழே வரும் வாரங்கள் எல்லாம், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணியவை.

முதல் இரண்டு வாரத்தில் கருவே இல்லை. மூன்றாம், நான்காம் வாரத்தில் கரு ஒரு செல் உருண்டை. அப்போது பலமாகத் தாக்கப்பட்டால் அது அழிந்துவிடும். சில செல்களை மட்டும் இழந்தால் மற்றவை ஈடுசெய்து, கரு வழக்கம்போல வளரும். நாள் தள்ளிப்போவதற்கு முன்பு விழுங்கிய பெரும்பாலான மாத்திரைகளைப் பற்றி அவ்வளவாகக் கலங்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உடலில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கும் பொருள்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை அடுத்த கட்டத்திலும் உள்ளேயே இருக்கும்.

ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை உறுப்புகள் உருவாகும் காலம். பிறவிக் குறைபாடுகளில் கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் இங்கேதான் விளைகின்றன. இதற்குத் தாலிடோமைடைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. கைகால் குறுகிய 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. கடைசி மாதவிடாயிலிருந்து 34ஆம் நாளுக்கும் 50ஆம் நாளுக்கும் இடையே உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கே பாதிப்பு. அந்த இடைவெளியின் தொடக்கத்தில் உட்கொண்டால் காது, சற்றுத் தள்ளிக் கை, இன்னும் தள்ளிக் கால். அதன் பிறகு உட்கொண்டவர்களின் குழந்தைகளுக்குக் கைகால் குறை வரவில்லை. எலிகளில் சோதித்தபோது ஏறக்குறைய எதுவுமே தெரியவில்லை. முயல்களில் பிறகு தெரிந்தது. விலங்குச் சோதனையில் பாதுகாப்பானது என்ற வாசகத்தை அளவோடு நம்பவேண்டும் என்பதற்கும் இதுவே பாடம்.

பத்து வாரத்துக்குப் பிறகு ஆபத்து நீங்கிவிடாது, வடிவம் மாறும். மூளை கடைசிவரை வளர்கிறது. சிறுநீரகம், பல், நுரையீரல், உடல் எடை எல்லாம் பின்பாதியில் பாதிக்கப்படக்கூடியவை.

மருந்துப் பெட்டியைத் திறந்து எழுதுங்கள்

கருத்தரிக்கத் திட்டமிடும்போது முதல் வேலை ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போடுவது. மருத்துவர் எழுதித் தந்தவை, கடையில் தானாக வாங்கியவை, முகத்தில் பூசும் களிம்பு, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, உடல் இளைக்கும் பானம் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிறுவனப் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள வேதிப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதுங்கள். ஒரே பொருள் நாலு பெயரில் விற்கப்படும். மூலிகை என்பதால் தீங்கில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்பொருள் எழுதப்படாத மூலிகைத் தயாரிப்புகளில் காரீயமும் பாதரசமும் இருந்ததாகப் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

அந்தப் பட்டியலில் கீழே வரும் பெயர்களில் ஏதேனும் இருந்தால், கருத்தடையை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசியாகவேண்டும்.

ஐசோட்ரெட்டினாயின். கடுமையான முகப்பருவுக்கு விழுங்கும் மாத்திரை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இது உடலில் இருந்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் காது, இதயம், மூளை ஆகியவற்றில் குறை ஏற்படும். கருச்சிதைவும் அதிகம். நல்லவேளையாக விரைவில் வெளியேறிவிடும்: நிறுத்தி ஒரு மாதம் கழிந்தால் போதும். இதன் உறவான அசிட்ரெட்டின், சொரியாசிஸ் தோல்நோய்க்குக் கொடுக்கப்படுவது, அப்படியில்லை. நிறுத்திய பின் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. மது சேர்ந்தால் அது உடலின் கொழுப்பில் நெடுங்காலம் தங்கும் எட்ரெட்டினேட்டாக மாறுவதே காரணம்.

மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரம் ஒருமுறை கொடுக்கப்படுவது. ஃபோலிக் அமிலத்தின் வேலையை நேரடியாகத் தடுப்பதால் மண்டை ஓடும் கைகால்களும் பாதிக்கப்படும். நிறுத்திய பின் எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும் என்பது வழிகாட்டிக்கு வழிகாட்டி ஒன்று முதல் ஆறு மாதம்வரை மாறுகிறது. உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியையே பின்பற்றுங்கள். லெஃப்ளூனமைடு இன்னும் பிடிவாதமானது, இரண்டு ஆண்டுவரை உடலில் இருக்கலாம். காத்திருக்க முடியாதவர்களுக்குக் கொலஸ்டிரமைன் பொடியை 8 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 11 நாள் கொடுத்து வெளியேற்றுவார்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.02 மி.கி.க்குக் கீழே வந்துவிட்டதா என்று, 14 நாள் இடைவெளியில் இருமுறை பார்த்து உறுதிசெய்வது வழக்கம். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குத் தரப்படும் மைகோஃபீனலேட்டை ஆறு வாரம் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

வார்ஃபரின். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பது. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் உட்கொண்டால் மூக்கெலும்பு அமுங்கி, எலும்பு முனைகளில் புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு படியும். நாளுக்கு 5 மி.கி.க்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது. ஹெப்பரின் மூலக்கூறு பெரியது, நச்சுக்கொடியைக் கடக்காது. அதனால் பெரும்பாலானோருக்கு ஹெப்பரினுக்கு மாற்றிவிடுவார்கள். செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் எளிதல்ல. தாயின் உயிரையும் சேர்த்து எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

எனாலபிரில், ராமிபிரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் முதலிய ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டாம், மூன்றாம் மும்மாதத்தில் குழந்தையின் சிறுநீரகத்தை முடக்குகின்றன. பனிக்குட நீர் என்பது அப்போது பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். அது வற்றினால் நுரையீரலும் வளராது. இவற்றுக்குப் பதில் லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா இருக்கின்றன. தைராய்டு அதிகச் சுரப்புக்கான கார்பிமசோலுக்கு, முதல் மும்மாதத்தில் மட்டும் புரோப்பைல்தயோயுராசிலை மாற்றாகக் கொடுப்பது வழக்கம். நுண்ணுயிர் எதிர்ப்பிகளில் டாக்சிசைக்ளின் உள்ளிட்ட டெட்ராசைக்ளின் வகை, நான்காம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் பல்லில் பழுப்புக் கறையாகப் படியும். டிரைமெத்தோபிரிம் ஃபோலிக் அமிலத்துக்கு எதிரானது என்பதால் முதல் மும்மாதத்தில் தவிர்ப்பார்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகைகளுக்கு நீண்டகால நல்ல பதிவு உண்டு.

வலிப்பு மருந்து: இங்கேதான் தவறு அதிகம்

வால்ப்ரோயேட்டைத் தனியே சொல்லவேண்டும். வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படுகிறது. தலைவலிக்குத்தானே என்று வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு இது வலிப்பு மருந்து என்பதே தெரிந்திருக்காது. கர்ப்பத்தில் உட்கொண்டால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய உடற்குறை இருக்கும். தண்டுவடம் திறந்தே இருப்பது மட்டும் நூற்றுக்கு ஒன்று இரண்டு. அதைவிடக் கவலைக்குரியது மூளை வளர்ச்சி: பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் பேச்சு, நினைவு, படிப்பு, நடத்தையில் சிக்கல் காணப்பட்டிருக்கிறது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் நிறுவப்படவில்லை. ஸ்கேனில் உடற்குறை இல்லை என்றால் தப்பித்தோம் என்று நினைப்பது தவறு. மூளையின் வேலைத்திறன் ஸ்கேனில் தெரியாது.

இதைப் படித்ததும் மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. அது இன்னும் பெரிய ஆபத்து. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம், தாயும் குழந்தையும் சேர்ந்தே போய்விடலாம். சரியான வழி: கருத்தரிக்கப் பல மாதம் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் போய், லாமோட்ரிஜின் அல்லது லெவெட்டிராசெட்டம் போன்ற ஆபத்துக் குறைந்த மருந்துக்குப் படிப்படியாக மாறி, வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று பொறுத்துப் பார்த்த பிறகே கருத்தடையை விடுவது. மாற்றிய மருந்தும் வேலை செய்தபடியே இருக்காது. லாமோட்ரிஜினின் ரத்த அளவு கர்ப்பத்தில் வெகுவாக இறங்கும், டோஸை உயர்த்தவேண்டி வரும். பேறுகாலத்துக்குப் பிறகு அதே வேகத்தில் குறைக்காவிட்டால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். இன்னொரு கண்ணி: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைக் குறைக்கும், கார்பமசெபினும் ஃபெனிட்டாயினும் கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைத்துத் திட்டமிடாத கர்ப்பத்துக்கு வழிவிடும்.

ஆங்கில எழுத்து மதிப்பீடு பற்றி ஒரு சொல். ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று மருந்துகளைத் தரம் பிரித்த அமெரிக்க முறை 2015இல் கைவிடப்பட்டது. ‘சி’ என்றால் ‘பி’யைவிட ஆபத்து, ‘டி’யைவிடப் பாதுகாப்பு என்று மக்கள் படித்தார்கள். உண்மையில் ‘சி’ என்பதற்குப் பல நேரம் ‘மனிதர்களிடம் தரவு போதவில்லை’ என்றே பொருள். இன்னும் அந்த எழுத்துகளைக் காட்டும் இணையப் பட்டியல்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வலி, காய்ச்சல், வாந்தி

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கவேண்டும். பனிக்குட நீர் குறையும். 30 வாரம் தாண்டினால், பிறந்த பிறகே மூடவேண்டிய இதய நாளம் வயிற்றிலேயே மூடத் தொடங்கும். ரத்தக்கொதிப்பைத் தடுக்க மருத்துவர் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின், நாளுக்கு 75 முதல் 150 மி.கி., இந்தத் தடையில் சேராது. அதையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள்.

காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வது பத்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். உடல் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிப்பதே, முதல் ஆறு வாரத்தில் நரம்புக்குழாய்க் குறையின் ஆபத்தைக் கூட்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி., நான்கு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியில், ஒரு நாளில் 4,000 மி.கி.யைத் தாண்டாமல், தேவைப்படும் நாள்வரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கல்லீரல் நோய் இருப்பவர்களும் எடை மிகக் குறைந்தவர்களும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதே காரணத்தால் நீராவிக் குளியலையும் வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் அமிழ்ந்திருப்பதையும் முதல் மும்மாதத்தில் விட்டுவிடுங்கள். வழக்கமான வெந்நீர்க் குளியல் உள்வெப்பத்தை அவ்வளவு ஏற்றாது.

வாந்திக்கான டாக்சிலமின், பைரிடாக்சின் கூட்டு மாத்திரையின் கதை தாலிடோமைடுக்கு நேர் எதிரானது. வழக்குகளின் நெருக்கடியில் 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆய்வுக்கு மேல் ஆய்வு அதைக் குற்றமற்றது என்றது. 2013இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் குறைபாடுகள் குறையவில்லை.

மதுவும் புகையும்

மதுவுக்குப் பாதுகாப்பான அளவும் கிடையாது, பாதுகாப்பான மாதமும் கிடையாது. பீர், ஒயின், விஸ்கி எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே எத்தனால். அது நச்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கும், அதைச் சிதைக்கும் திறன் கருவின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே உள்ள பள்ளம் மழுங்கி, மேலுதடு மெலிந்து, கண் பிளவு சிறுத்த முகம் முதல் மும்மாதக் குடியின் அடையாளம். முகம் இயல்பாக இருந்தும் கவனமும் கணக்கறிவும் தன்னடக்கமும் குன்றிய குழந்தைகள் அதைவிட அதிகம். ஒரே அமர்வில் மிகுதியாகக் குடிப்பதே மிக மோசமானது. நாள்தோறும் குடித்துப் பழகியவர் தானாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; அவருக்கு மருத்துவ மேற்பார்வை வேண்டும்.

புகைபிடித்தால் குழந்தையின் எடை சராசரியாக 200 கிராம் குறையும், உதட்டுப் பிளவின் ஆபத்து கூடும், நச்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம். வீட்டில் பிறர் விடும் புகையும் கணக்கில் சேரும். மெல்லும் புகையிலைக்குப் புகையில்லை என்றாலும் நிக்கோட்டின் உண்டு.

ஃபோலிக் அமிலமும் வைட்டமின் ஏவும்

விலக்குவதற்கு ஈடாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது ஃபோலிக் அமிலம் ஒன்றுதான். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தாவது தொடங்கி 12 வாரம் முடியும்வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்தால் நாளுக்கு 4 முதல் 5 மில்லிகிராம், அதாவது குறைந்தது பத்து மடங்கு. நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் பல மருத்துவர்கள் இதையே தருவார்கள். குறையுடன் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உயர் அளவு, குறை திரும்ப வருவதை 72 சதவீதம் தடுத்தது.

இங்கே நடக்கும் பிழை ஒன்று: 5 மி.கி. வேண்டும் என்பதற்காகப் பல்சத்து மாத்திரைகளை நாலைந்தாகச் சேர்த்து விழுங்குவது. அப்போது வைட்டமின் ஏயும் நாலைந்து மடங்காகும். ரெட்டினால் வடிவில் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போவதே ஆபத்தை வரவழைக்கும். உயர் ஃபோலிக் அளவுக்குத் தனி மாத்திரைதான் வேண்டும். ஈரலையும் மீன் ஈரல் எண்ணெயையும் விலக்கச் சொல்வதும் இதே ரெட்டினாலுக்காக. காய்கறியில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்ப மட்டுமே மாற்றிக்கொள்வதால் அதற்குத் தடையில்லை.

சர்க்கரை

எந்த மருந்துப் பட்டியலிலும் வராத, ஆனால் எண்ணிக்கையில் பல மருந்துகளை மிஞ்சும் காரணி, தாயின் கட்டுப்படாத நீரிழிவு. முதல் எட்டு வாரத்தில் உயர்ந்த குளுக்கோஸ் இதயக் குறையையும் நரம்புக்குழாய்க் குறையையும் உண்டாக்கும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பின் கருத்தரிப்பது இலக்கு. 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கருத்தடையைத் தொடரச் சொல்வார்கள். ஏழாம் மாதத்தில் செய்யும் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை இதற்கு உதவாது; அதற்குள் இதயம் உருவாகி முடிந்து மாதங்களாகியிருக்கும்.

தொற்றுகள்

ரூபெல்லாவால் (ஜெர்மன் தட்டம்மை) கண்புரையுடன் குழந்தைகள் பிறப்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் எடுத்துக்காட்டினார். முதல் 12 வாரத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைவரை பாதிக்கப்படலாம்: காது கேளாமை, கண்புரை, இதயக் குறை. கர்ப்பத்துக்கு முன்பே எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதியுங்கள். இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் பொறுங்கள். இது உயிருள்ள வைரஸ் ஊசி, கர்ப்பத்தில் போடமாட்டார்கள். தெரியாமல் போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு ரூபெல்லாக் குறைபாடு வந்ததாகப் பதிவில்லை என்பதால், அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. சின்னம்மைக்கும் இதே ஒழுங்குதான். சின்னம்மை வராத, ஊசியும் போடாத கர்ப்பிணி நோயாளியின் அருகில் இருந்துவிட்டால் அன்றே மருத்துவரை அழைக்கவேண்டும். எதிர்ப்புப் புரத ஊசியைப் பத்து நாளுக்குள் போட்டால்தான் பயன்.

சைட்டோமெகலோ வைரஸை யாரும் கேள்விப்பட்டிருப்பதில்லை. ஆனால் குழந்தை பிறக்கும்போதே இருக்கும் தொற்றுகளில் இதுவே முதலிடம், சுமார் 200 பிறப்புக்கு ஒன்று. அப்படிப் பிறப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை முதலான நிலைத்த பாதிப்பு. இது சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளியேறும். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட மூத்த பிள்ளை இருந்தால், அல்லது குழந்தைகள் காப்பகத்தில் வேலை என்றால்: துணி மாற்றிய பின், மூக்குத் துடைத்த பின் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள், பிள்ளை தின்று மிச்சம் வைத்ததைத் தின்னாதீர்கள், ஒரே கரண்டி, ஒரே குவளை வேண்டாம், முத்தத்தை வாயில் தராமல் நெற்றியில் கொடுங்கள். தடுப்பூசி இல்லாத நிலையில் இவைதான் காப்பு.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு அஞ்சிப் பூனையைத் துரத்தவேண்டியதில்லை. பூனையின் மலத்தில் வரும் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும், ஆகவே கழிவுத் தட்டை நாள்தோறும் வேறொருவர் மாற்றினால் போதும். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும் கையுறை இல்லாத தோட்ட வேலையும்தான் அடிக்கடி காரணமாகின்றன. இறைச்சியின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டும்வரை வேகட்டும். சிபிலிஸுக்கு முதல் சந்திப்பிலேயே ரத்தப் பரிசோதனை, இருந்தால் பென்சிலின். கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் உள்ள இடத்துக்குப் போய்வந்த ஆண் மூன்று மாதமும் பெண் இரண்டு மாதமும் கருத்தரிப்பைத் தள்ளிப்போடவேண்டும்.

வேலையிடம்

கரைப்பான், பெயின்ட், பசை, பூச்சிக்கொல்லி, உலோகம் கையாளுபவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்கவேண்டும். இரண்டாம் பிரிவில் ஹெச்360 என்ற குறி இருந்தால் அது கருவையோ கருவளத்தையோ பாதிக்கும் பொருள். ஹெச்361 என்றால் அப்படிச் சந்தேகிக்கப்படுவது. விவரம் பதினொன்றாம் பிரிவில் இருக்கும். மணம் வரவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று கொள்ளாதீர்கள். மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும். துணி முகமூடியும் தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரித்துகள் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். அதையும் கடைசிக் காப்பாகவே கொள்ளுங்கள். பொருளை மாற்றுவது, மூடிய கருவியில் வைப்பது, உறிஞ்சும் விசிறி போடுவது, வேலையையே மாற்றித் தருவது எல்லாம் அதற்கு முன்பு. புற்றுநோய் மருந்து கலக்கும் செவிலியரும் மருந்தாளுநரும் காப்புப் பெட்டகத்துக்குள்தான் கலக்கவேண்டும், இரட்டைக் கையுறையோடு.

காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்பத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது அதுவும் இறங்கிக் கருவை அடையும். எப்போதோ பேட்டரித் தொழிலில் இருந்தவருக்கும் ரத்தப் பரிசோதனை பொருந்தும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினால் மூலத்தைத் தேடி நீக்குவதும் கால்சியத்தைக் கூட்டுவதும் முதல் சிகிச்சை. கணவர் அந்த வேலையில் இருந்தால் காலணியையும் வேலைத் துணியையும் வீட்டுக்குள் கொண்டுவராமலிருப்பது முக்கியம். ஜப்பானின் மினமட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பேரழிவு, அறிகுறியே அதிகமில்லாத தாய்க்கும் மூளை பாதித்த குழந்தை பிறக்கலாம் என்று காட்டியது. அங்கே மீனில் சேர்ந்திருந்தது மெத்தில் பாதரசம். சுறா, வாள்மீன் போன்ற, பிற மீனைத் தின்று வாழும் பெரிய மீன்களில் அது குவியும். உடலிலிருந்து பாதி வெளியேற ஏறத்தாழ 50 நாள் ஆவதால், சில மாதம் முன்பே நிறுத்துங்கள். சிறிய மீன்களை விடவேண்டாம். குழந்தையின் மூளைக்கு அவை தேவை.

எக்ஸ்ரே பயம் அளவுக்கு மீறியது. கருவை அடையும் கதிர்வீச்சை மில்லிகிரே என்ற அலகில் அளப்பார்கள்; 50 மில்லிகிரேக்குக் கீழ் பிறவிக் குறைபாடு கூடுவதாகக் காணப்படவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவை அடைவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு, பல் எக்ஸ்ரேயில் அதனினும் குறைவு. வயிற்று சிடி ஸ்கேன்கூட வழக்கமாக 35 மில்லிகிரேக்குள் அடங்கும். அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் இந்தக் கதிரே இல்லை. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு, குறைபாடு உண்டாக்கும் அளவுக்கு வெகுகீழே இருந்த கதிர்வீச்சுக்கு அஞ்சிக் கிரீஸில் ஏராளமான நலமான கருக்கள் கலைக்கப்பட்டன. கதிரியக்க அயோடின் சிகிச்சை மட்டும் வேறு: பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு கருவின் தைராய்டையே அழிக்கும். அதை எடுத்தவர் ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது.

ஏற்கெனவே உட்கொண்டுவிட்டால்

வரிசைப்படி செய்யவேண்டும். முதலில், நாள்பட்ட நோய்க்கான மருந்து என்றால் தானாக நிறுத்தாமல் அன்றே எழுதிக் கொடுத்தவரை அழையுங்கள். முகப்பரு மாத்திரை போல நிறுத்துவதால் கெடுதி வராதது என்றால் அடுத்த வேளையை விழுங்காமலே அழையுங்கள். பிறகு எழுதுங்கள்: வேதிப்பெயர், மில்லிகிராம், நாளுக்கு எத்தனை, முதல் வேளை எந்தத் தேதி, கடைசி வேளை எந்தத் தேதி, கடைசி மாதவிடாய் எந்தத் தேதி, சுழற்சி எத்தனை நாள். அட்டையை எறியாதீர்கள்.

அடுத்து, தேதியை உறுதிசெய்யும் ஸ்கேன். 14 வாரத்துக்கு முன்பு கருவின் நீளத்தை அளந்தால் வயது சில நாள் வித்தியாசத்தில் தெரிந்துவிடும். மாதவிடாய் ஒழுங்கற்றவர்களிடம் இது பல கவலைகளை அங்கேயே தீர்த்துவிடும்: உட்கொண்ட நாளில் கரு உண்டாகியிருக்கவே இல்லை என்று தெரியவரும். கர்ப்பம் தெரியாமல் கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்தவர்களும் கலங்கவேண்டாம், அது குறைபாட்டைக் கூட்டுவதாகக் காணப்படவில்லை.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, ‘இது ஆபத்தா?’ என்பதல்ல. ‘இந்த அளவில், இந்த வாரத்தில் உட்கொண்ட நூறு பேரில் எத்தனை குழந்தைகளுக்கு என்ன குறை வரும், உட்கொள்ளாத நூறு பேரில் எத்தனை?’ என்று கேளுங்கள். ‘ஆபத்து இரு மடங்கு’ என்ற சொல் தூக்கத்தைக் கெடுக்கும். ஆயிரத்தில் ஒன்று, ஆயிரத்தில் இரண்டாகிறது என்றால் மீதி 998 குழந்தைகளுக்கு அந்தக் குறை இல்லை. இதற்கென்றே தனி ஆலோசனைச் சேவைகள் உண்டு. வட அமெரிக்காவின் மதர்டுபேபி பொதுமக்களின் கேள்விக்கும் பதில் தருகிறது.

பரிசோதனைகளுக்கு உரிய காலம் தவறக்கூடாது. நரம்புக்குழாய்க் குறைக்கு ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தின் அளவு, 15 முதல் 20 வாரத்துக்குள். உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். வலிப்பு மருந்தோ நீரிழிவோ இருந்தால் அதையொட்டியே கருவின் இதய எக்கோ. ஸ்கேன் எடுப்பவரிடம் எதை உட்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். வார்ஃபரின் என்றால் மூக்கெலும்பையும், ஐசோட்ரெட்டினாயின் என்றால் காதையும் தேடிப் பார்ப்பார், சொல்லாவிட்டால் அவசரத்தில் கடந்துவிடுவார்.

குழந்தை பிறந்ததும் அதே தாளைக் குழந்தை மருத்துவரிடம் கொடுங்கள். சைட்டோமெகலோ வைரஸ் சந்தேகம் இருந்தால் குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ பிறந்த 21 நாளுக்குள் சோதிக்கவேண்டும். அந்தக் கெடு தாண்டினால், தொற்று வயிற்றில் வந்ததா வெளியே வந்ததா என்று பிரித்தறிவது கடினம். பிறந்தவுடன் செய்யும் கேட்புச் சோதனையில் தேறிய குழந்தைக்கும் இந்த வைரஸால் செவித்திறன் பிறகு குறையலாம் என்பதால், பள்ளி வயதுவரை அந்தச் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்வார்கள்.